காபி, தியானின், நீர்ப்பிரமி, அமுக்கரா எல்லாம் சேர்த்து எடுத்தால் எதை எவ்வளவு குறைப்பது?

காட்பாடி ராத்திரிப் படிப்பு:

எல்லோருக்கும் வணக்கம். காந்தி நகரில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறேன். பகலில் ராணிப்பேட்டை பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் வேலை, ராத்திரி குரூப் 2 மெயின்ஸுக்குப் படிப்பு. பஸ் பிடித்து ரூமுக்கு வந்து சேரவே எட்டு எட்டரை ஆகிவிடுகிறது, அதற்கு மேல் புத்தகத்தை எடுத்தால் ஒரே பத்தியைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன், மண்டையில் ஏறுவதில்லை. அதனால்தான் இந்த ஞாபகசக்தி, கவனம் சம்பந்தப்பட்ட சப்ளிமெண்ட் பக்கம் வந்தேன்.

இப்போது எடுப்பது இவ்வளவு. காலையில் டிபனுக்கு முன்னால் வெறும் வயிற்றில் நீர்ப்பிரமி 500 மி.கி. கேப்ஸ்யூல் ஒன்று, அதோடு அமுக்கரா (அஸ்வகந்தா) எக்ஸ்ட்ராக்ட், அதாவது பிரித்தெடுத்த சத்து, 600 மி.கி. ராத்திரி ஒன்பது மணிக்கு காஃபின் மாத்திரை 200 மி.கி., எல்-தியானின் (தேயிலையில் உள்ள ஒரு அமினோ அமிலம்) 200 மி.கி. இது போக காலையில் ஒரு ஃபில்டர் காபி, கம்பெனியில் டீ நாலு ஆகிவிடும். தூசி அலர்ஜி உண்டு, அதற்கு அவ்வப்போது செட்ரிசின் போடுவேன். எடை 58 கிலோ. பிபி, சுகர் எதுவும் இல்லை.

பிரச்சினை என்னவென்றால் சில ராத்திரி நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, வயிறு கலக்குகிறது, இரண்டு மணிக்குப் படுத்தாலும் கண் மூடுவதில்லை, மறுநாள் மத்தியானம் சீட்டிலேயே தூக்கம் தள்ளுகிறது. ரூம்மேட் இதோடு பிராசிடம் என்ற ஞாபகசக்தி மருந்தைச் சேர்த்தால் நன்றாகப் பிடிக்கும் என்கிறான். நான் எதையும் லேபிளில் போட்ட அளவைத் தாண்டவில்லை. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் சரியான அளவுதானே, சேர்த்து எடுக்கும்போது மட்டும் ஏன் இப்படி? எல்லாவற்றையும் பாதியாக்கலாமா, இல்லை எதையாவது ஒன்றை மட்டும் குறைக்க வேண்டுமா?

சத்துவாச்சாரிக்காரன்:

தம்பி, எல்லாவற்றையும் பாதியாக்காதே. அப்படிச் செய்தால் எது தொல்லை கொடுத்தது, எது உதவியது என்று கடைசி வரைக்கும் தெரியாமலே போய்விடும். சேர்த்து எடுக்கும்போது இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். எந்தெந்தச் சரக்கு ஒரே பக்கம் இழுக்கிறது, ஒவ்வொன்றும் உடம்பில் எவ்வளவு நேரம் நிற்கிறது, இவைதான். லேபிள் எழுதுகிறவன் அந்தப் பாட்டிலை மட்டும் நினைத்து எழுதுகிறான், உன் டீக்கடை அவன் கணக்கில் இல்லை.

முதலில் காஃபின் கணக்கைப் போடு. டீ ஒன்றுக்கு சுமார் 40 மி.கி. என்று வைத்தால் நாலுக்கு 160. நம்மூர் டிகிரி காபி கடைக்குக் கடை மாறும், சிக்கரி எவ்வளவு என்பதைப் பொறுத்தது, ஆனாலும் 100 என்று வை. மாத்திரை 200. மொத்தம் 460. ஆரோக்கியமான பெரியவருக்கு ஒரு நாளைக்கு 400 மி.கி. வரை பரவாயில்லை என்பது பொதுவான வரம்பு. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015ல் இதை எடைக் கணக்கிலும் சொன்னது: ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 5.7 மி.கி., ஒரே வேளையில் கிலோவுக்கு 3 மி.கி. அந்த 400 என்பது 70 கிலோ ஆளுக்கு. உன் 58 கிலோவுக்கு அது சுமார் 330 மி.கி. ஆகிறது, ஒரு வேளைக்கு 175க்குள். ஆக நீ தினமும் தாண்டுகிறாய், ராத்திரி மாத்திரையும் ஒரே வேளை வரம்பைத் தாண்டுகிறது. லேபிளை மட்டும் பார்த்தால் இது கண்ணில் படவே படாது.

அடுத்தது நேரம். காஃபினில் பாதி உடம்பை விட்டுப் போக ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். ஆளுக்கு ஆள் மாறும், சிகரெட் பிடிப்பவருக்குச் சீக்கிரம் போகும், கருத்தடை மாத்திரை எடுக்கும் பெண்களுக்கு ரொம்ப நேரம் நிற்கும். ஒன்பது மணிக்கு 200 போட்டால் ராத்திரி இரண்டு மணிக்கு 100 இன்னும் உள்ளே ஓடுகிறது, அதுவும் சாயங்கால டீயின் மிச்சத்தைச் சேர்க்காமல். முழு டம்ளர் காபியைக் குடித்துவிட்டுப் பாயில் படுப்பதும் இதுவும் ஒன்றுதான். 2013ல் ஒரு ஆய்வில், படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்னாடி 400 மி.கி. கொடுத்தபோதே தூக்கம் ஒரு மணி நேரத்துக்கும் மேல் குறைந்தது. நீ படித்தது மண்டையில் நிற்பதே தூங்கும்போதுதான், அதையே வெட்டிக்கொண்டு ஞாபகசக்திக்கு மாத்திரை போடுவதில் என்ன லாபம் சொல்லு.

தியானின் பற்றி ஒரு தப்பான எண்ணம் நிறையப் பேருக்கு இருக்கிறது. அது காஃபினை அழித்துவிடாது. படபடப்பைக் கொஞ்சம் மட்டுப்படுத்தி, கவனம் சிதறாமல் வைக்கும், அவ்வளவுதான். காஃபின் அதே அளவு, அதே நேரம் உள்ளே இருக்கத்தான் செய்யும். 2008ல் வந்த ஆய்வுகளில் ஒன்றில் காஃபின் 50, தியானின் 100 கொடுத்தார்கள், இன்னொன்றில் காஃபின் 150, தியானின் 250. அதாவது தியானின் கூட, காஃபின் குறைவு. நீ ஒன்றுக்கு ஒன்று எடுக்கிறாய். தியானினை ஏற்றிச் சரிக்கட்டப் பார்க்காதே, காஃபினை இறக்கு. மாத்திரையை விட்டுவிட்டு, வேலை முடிந்து வரும்போது ஆறு மணிக்கு ஒரே ஒரு டீ, அதோடு தியானின் 100. அதற்கு மேல் அன்றைக்குக் காஃபின் வேண்டாம்.

இன்னொன்று, நம்மூர் வெயிலை மறந்துவிடாதே. சித்திரை வைகாசியில் நாள் முழுக்க வேர்த்துக் கொட்டி, தண்ணீர் குறைவாகக் குடித்து, அதற்கு மேல் காஃபின் போட்டால் யாருக்குமே நெஞ்சு அடிக்கும். சாயங்காலம் ரூமுக்கு வந்ததும் முதலில் தண்ணீரோ உப்புப் போட்ட மோரோ குடி.

ஆற்காடு மருந்துக்கடை அக்கா:

நான் பதிவு பெற்ற மருந்தாளுநர். அண்ணன் சொன்ன காஃபின் கணக்கு சரி. ஆனால் தம்பி எழுதியதில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது வேறு: அமுக்கராவைக் காலையில் எடுக்கிறாய், செட்ரிசினும் போடுகிறாய், அப்புறம் மத்தியானம் தூக்கம் வருகிறது என்கிறாய். அமுக்கரா நிறையப் பேருக்கு மந்தம் கொடுக்கும், செட்ரிசினும் தூக்கம் தரும் மருந்துதான். இரண்டும் ஒரே பக்கம் இழுக்கும்போது பகலில் கண் சொருகுகிறது, அதைத் தெளியவைக்க டீ குடிக்கிறாய், ராத்திரி மாத்திரை போடுகிறாய், தூக்கம் கெடுகிறது, மறுநாள் மறுபடி டீ. இதில் எந்த மாத்திரையும் தனியாக அளவு மீறவில்லை. சேர்ந்து ஒரு வட்டம் போட்டுவிட்டன.

அமுக்கராவில் இன்னொரு விஷயம் இருக்கிறது, இதை யாரும் வாடிக்கையாளரிடம் சொல்வதில்லை, நான் கடையில் தினமும் சொல்கிறேன். அது தைராய்டு ஹார்மோனை ஏற்றக்கூடியது. தைராய்டு லேசாகக் குறைவாக இருந்தவர்களுக்கு தினம் 600 மி.கி. வேர் எக்ஸ்ட்ராக்ட் எட்டு வாரம் கொடுத்துப் பார்த்த ஒரு ஆய்வில் டி3, டி4 என்ற தைராய்டு ஹார்மோன் இரண்டும் ஏறின. உன் அளவும் அதே 600. தைராய்டு அதிகமானால் வருவது என்ன? படபடப்பு, தூக்கமின்மை, வயிறு இளகிப் போவது. உனக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை, ஆனால் அமுக்கராவை இப்போதைக்கு நிறுத்து, டிஎஸ்எச் (தைராய்டுக்கான இரத்தப் பரிசோதனை) பார்க்காமல் மறுபடி ஆரம்பிக்காதே. அரிதாகக் கல்லீரல் பாதித்த கேஸ்களும் பதிவாகியிருக்கின்றன, டென்மார்க்கில் 2023ல் தடையே போட்டார்கள். கண் மஞ்சளானாலோ, சிறுநீர் கருத்தாலோ, உடம்பு அரித்தாலோ நிறுத்திவிட்டு உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

நீர்ப்பிரமிக்கு வருகிறேன். பாட்டிலை எடுத்துப் பின்பக்கம் படித்துப் பார். வெறும் இலைப் பொடி 500 மி.கி. என்றால் அது ஒன்றுமே இல்லாத மாதிரி, ஆனால் எக்ஸ்ட்ராக்ட், அதிலும் பேகோசைடு (நீர்ப்பிரமியில் வேலை செய்யும் சத்து) 50 சதவீதம் என்று போட்டிருந்தால் 500 என்பது அதிகம். ஆய்வுகளில் பெரும்பாலும் கொடுத்தது தினம் 300 மி.கி. எக்ஸ்ட்ராக்ட், அதுவும் பன்னிரண்டு வாரம். எண்ணை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது, அது என்ன சரக்கின் எடை என்று பார்க்க வேண்டும். அமுக்கராவும் அப்படித்தான், சூரணமாக என்றால் வேர்ப்பொடி கிராம் கணக்கில் கொடுப்பார்கள், எக்ஸ்ட்ராக்ட் என்றால் மில்லி கிராம் கணக்கு. ஒன்றின் அளவை இன்னொன்றுக்குப் போட்டால் பத்து மடங்கு தப்பாகிவிடும். செடி எது என்பதையும் லேபிளில் உறுதி செய்துகொள், பிரம்மி என்று விற்பதில் சில சமயம் உள்ளே இருப்பது வல்லாரை. உனக்கு வேண்டியது பகோபா மொன்னியேரி. வயிறு கலக்குவதற்கு நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான், வெறும் வயிற்றில் எடுத்தால் குமட்டலும் வயிற்றுப்போக்கும் வருவது இதன் வழக்கமான தொல்லை. சாப்பாட்டுக்குப் பிறகு எடு. 300க்கு இறக்கு.

லேபிளில் பைப்பரின் அல்லது மிளகுச் சத்து 5 மி.கி. என்று பொடி எழுத்தில் இருக்கிறதா என்றும் பார். மிளகுச் சத்து மற்ற மருந்துகள் உடம்பில் உடைந்து போவதைத் தடுத்து, இரத்தத்தில் அவற்றின் அளவை ஏற்றிவிடும். வலிப்புக்கான ஃபெனிடாயின், பிபிக்கான ப்ராப்ரனலால் மாதிரி மருந்து எடுப்பவர்கள் ரொம்பவே கவனிக்க வேண்டும். ரசத்தில் போடும் மிளகைப் பற்றிப் பயப்பட வேண்டாம், நான் சொல்வது பிரித்தெடுத்த சத்து. அப்புறம் உள்ளே என்னென்ன எவ்வளவு என்று சொல்லாமல் மொத்தக் கலவை இத்தனை மி.கி. என்று மட்டும் போட்ட பாட்டிலை வாங்கவே வாங்காதே. அளவு தெரியாத பொருளை எப்படிக் குறைப்பாய், எப்படிக் கூட்டுவாய்?

பிராசிடம் வேண்டாம். 1964ல் பெல்ஜியத்தில் யூசிபி கம்பெனியில் கொர்னேலியு ஜியுர்ஜியா என்பவர் உருவாக்கியது, இந்த மாதிரி மூளைக்கான மருந்துகளுக்கு நூட்ரோபிக் என்ற பெயரையே 1972ல் அவர்தான் வைத்தார், வரலாறெல்லாம் பெரிசுதான். ஆனால் நம் நாட்டில் அது டாக்டர் சீட்டோடு கொடுக்கும் மருந்து. சிறுநீரகம் வழியாகவே வெளியேறுவதால் கிட்னி வேலை குறைந்தவருக்கு அளவைக் குறைக்க வேண்டும், இரத்தம் உறைவதையும் பாதிக்கும். நல்ல உடம்போடு இருக்கும் இளவயசுக்காரருக்கு அது உதவுகிறது என்பதற்குத் தெம்பான ஆதாரம் கிடையாது. தலைவலி வந்தால் கோலின் என்ற சத்தைச் சேர்த்துக்கொள் என்பார்கள், கோலின் அதிகமானால் வேர்வை, மீன் வாடை, பிபி இறக்கம் என்று அது ஒரு தனிக் கதை. ஒரு மாத்திரையின் தொல்லையைத் தீர்க்க இன்னொன்று வாங்கும் நிலை வந்தால், முதல் மாத்திரையை நிறுத்துவதுதான் சரி.

குடியாத்தம் வாத்தியார்:

அக்காவும் தம்பியும் அளவைப் பற்றியே பேசுகிறீர்கள், எனக்கு அதற்கு முந்தின கேள்வி ஒன்று. மூளைக்கு ஏதோ கூடுதலாக வேண்டும் என்று எப்படி முடிவாயிற்று, குறைவாக இருப்பதை நிரப்பினாலே போதுமா என்று யாராவது பார்த்தீர்களா? மெஸ் சாப்பாடு, சாப்பிட்ட கையோடு டீ. டீயும் காபியும் சாப்பாட்டில் உள்ள இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் தடுக்கும். நம் மாநிலத்தில் பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு இரத்தச்சோகை இருக்கிறது, பையன்களுக்கும் வராது என்று இல்லை. சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறைவது சாதாரணம். இரண்டில் எது குறைந்தாலும் படிப்பது ஏறாது, சோர்வு வரும், இரும்பு குறைந்தால் நெஞ்சும் படபடக்கும்.

என் வகுப்பில் நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி திடீரென்று பின்தங்கினாள், வீட்டில் ஞாபகசக்தி லேகியம் வாங்கிக் கொடுத்தார்கள். சோதித்துப் பார்த்தபோது ஹீமோகுளோபின் எட்டு. இரும்பு மாத்திரைதான் அவளை மீட்டது. அதனால் தம்பி, சிபிசி (இரத்த அணுக்களின் எண்ணிக்கை), ஃபெரிட்டின் (உடம்பில் உள்ள இரும்பு இருப்பு), பி12, டிஎஸ்எச் இந்த நாலையும் பார்த்துவிடு. சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவில் ஒரு மணி நேரம் விடு. 

பாகாயம் நர்சிங் மாணவி:

நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். எனக்கு டாக்டர் எஸிடலோபிராம் (மனச்சோர்வு, பதற்றத்துக்கான மருந்து) 10 மி.கி. கொடுத்திருக்கிறார், அது ஒத்துப்போகிறது. தூக்கத்துக்கும் மனசுக்கும் நல்லது என்று ஹாஸ்டலில் ஒரு அக்கா 5-எச்டிபி எடுக்கிறார், குறைந்த அளவு, 50 மி.கி. மட்டும் நானும் சேர்த்துக்கொள்ளலாமா? நைட் ட்யூட்டிக்குத் தூக்கம் வராமல் வைக்கும் மோடாஃபினில் மாத்திரை எடுக்கிறவர்களும் இருக்கிறார்கள், அதுவும் இதோடு போகுமா?

ஆற்காடு மருந்துக்கடை அக்கா:

வேண்டாம்மா. இங்கே அளவைக் குறைத்துச் சமாளிக்கும் பேச்சே கிடையாது. எஸிடலோபிராம் மூளையில் செரோடோனின் என்ற வேதிப்பொருளை ஏற்றுகிறது, 5-எச்டிபி செரோடோனினாகவே மாறுகிறது, இரண்டும் சேர்ந்தால் செரோடோனின் மிஞ்சிப்போய் நடுக்கம், காய்ச்சல், வேர்வை, குழப்பம், இதயம் வேகமாக அடிப்பது என்று ஆபத்தில் முடியலாம். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை மாத்திரையும் அப்படியே, தொடாதே. மோடாஃபினில் டாக்டர் சீட்டு மருந்து. அது எஸிடலோபிராமை உடைக்கும் ஒரு என்சைமைத் தடுக்கிறது, அதனால் 10 மி.கி. எடுத்தாலும் இரத்தத்தில் அதற்கு மேல் இருக்க வாய்ப்பு உண்டு. பாதி போக பன்னிரண்டு முதல் பதினைந்து மணி நேரம் ஆகும், நைட் முடிந்து பகலில் தூங்கவும் விடாது. கருத்தடை மாத்திரையின் பலனையும் குறைக்கும். தூக்கம் வரவில்லை என்றால் எழுதிக் கொடுத்த டாக்டரிடமே சொல், எஸிடலோபிராமைக் காலை வேளைக்கு மாற்றினாலே சில பேருக்குச் சரியாகிவிடும். நீயாக நேரத்தை மாற்றவோ நிறுத்தவோ செய்யாதே.

காட்பாடி ராத்திரிப் படிப்பு:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. பாட்டிலை எடுத்துப் பார்த்தேன், நீர்ப்பிரமி எக்ஸ்ட்ராக்ட்தான், பேகோசைடு 50 சதவீதம் என்று போட்டிருக்கிறது. அமுக்கரா பாட்டிலில் அக்கா சொன்ன மாதிரியே மிளகுச் சத்து 5 மி.கி. இருக்கிறது. அமுக்கராவை இன்றைக்கே நிறுத்துகிறேன், டெஸ்ட் ஞாயிற்றுக்கிழமை கொடுக்கிறேன். காஃபின் மாத்திரையை ஒரேயடியாக விட்டால் தலை வலிக்கும் என்கிறார்களே, வேலைக்கும் போக வேண்டும், எப்படி விடுவது? நீர்ப்பிரமியையும் இப்போதே நிறுத்த வேண்டுமா?

சத்துவாச்சாரிக்காரன்:

ஒரேயடியாக விட்டால் பன்னிரண்டு மணி நேரத்திலிருந்து ஒரு நாளைக்குள் தலைவலி ஆரம்பிக்கும், இரண்டாம் நாள் உச்சம், சில பேருக்கு ஒரு வாரத்துக்கு மேலும் இழுக்கும். அதனால் படிப்படியாக வா. மாத்திரையை இரண்டாக உடைத்து, பாதியை ஒன்பது மணிக்குப் பதில் ஆறு மணிக்குப் போடு, அன்றைக்குச் சாயங்கால டீ கிடையாது. நாலைந்து நாள் கழித்து அந்தப் பாதியையும் விட்டுவிட்டு அந்த நேரத்துக்கு டீ. பகல் டீயை நாலிலிருந்து மூன்றாக்கு, அதற்கு அவசரம் இல்லை. காப்ஸ்யூல் என்றால் உடைக்க முடியாது, பாதிப் பொடியைக் கொட்டிக் கண் அளவில் எடுக்கவும் கூடாது, தூள் காஃபினில் கண் அளவு ஆளையே கொன்றிருக்கிறது. அப்படியானால் நேராக டீக்கே மாறிவிடு.

நீர்ப்பிரமியை அக்கா சொன்னபடி 300 உள்ள பாட்டிலாக மாற்றி மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எடு, ஆனால் இப்போதே அல்ல. காஃபின் அன்றன்றைக்கே வேலை காட்டும், அதன் அளவை வாரத்துக்கு வாரம் மாற்றிப் பார்க்கலாம். நீர்ப்பிரமி மெதுவாக ஏறுவது, எட்டுப் பன்னிரண்டு வாரம் ஒரே அளவில் வைத்தால்தான் பலன் உண்டா இல்லையா என்றே சொல்ல முடியும். அதனால் முதலில் எல்லாம் நிறுத்தி, தூக்கமும் வயிறும் சரியான பிறகு, டெஸ்ட் ரிசல்ட்டும் பார்த்துவிட்டு, அதை மட்டும் தனியாக ஆரம்பி. அது ஓடும்போது வேறு எதையும் புதிதாகச் சேர்க்காதே. ஒரு நோட்டில் படுத்த நேரம், எழுந்த நேரம், டீ எண்ணிக்கை, படித்த மணி இவ்வளவு மட்டும் எழுதி வை. நீர்ப்பிரமியை ஆரம்பித்து இரண்டு மூன்று மாதத்தில் நோட்டில் வித்தியாசம் தெரியவில்லை என்றால் அந்தப் பணத்தை டெஸ்ட் பேப்பர் சீரிஸுக்குக் கட்டு.

ஆற்காடு மருந்துக்கடை அக்கா:

ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். காஃபின் குறைந்த பிறகும் படபடப்பு தொடர்ந்தால் ஒரு ஈசிஜி எடுத்துப் பார்க்கச் சொல்லிக் கேள். நடுவில் நெஞ்சு வலி, மயக்கம், மூச்சு வாங்குவது என்று வந்தால் பாதியளவு முழு அளவு என்றெல்லாம் யோசிக்காமல் ராத்திரியானாலும் கேஷுவாலிட்டிக்குப் போய்விடு. செட்ரிசின் அடிக்கடி தேவைப்படுகிறது என்றால் தூக்கம் குறைவாகத் தரும் வேறு அலர்ஜி மருந்து இருக்கிறது, டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள். போகும்போது எல்லாப் பாட்டிலையும் ஒரு கவரில் போட்டு அப்படியே எடுத்துப் போ. பெயரை வாயால் சொன்னால் பாதி விட்டுப்போகும், மிளகுச் சத்தைச் சொல்ல உனக்கே தோன்றியிருக்காது.